கழித்துவிட்ட பொருளுக்கு யார் பொறுப்பு?

ஒரு பொருளைக் கையைவிட்டு அனுப்பிய பிறகு அது செய்யும் தீங்கில் அனுப்பியவருக்குப் பங்கு உண்டா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. வேதிப்பொருள்களும் கதிரியக்கக் கருவிகளும் புழங்கும் பல்கலைக்கழக வளாகங்களில் அது அன்றாடக் கேள்வி. அதன் முழுக் கனத்தையும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் நடந்தது காட்டியது.

அங்கே வேதியியல் துறையில் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. உள்ளே கோபால்ட்-60, சுற்றிலும் தடித்த ஈயக் கவசம். 1985 முதல் அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் அது ஏலத்தில் விற்கப்பட்டு, மேற்குத் தில்லியில் உள்ள மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. ஈயத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால் தொழிலாளர்கள் கவசத்தைப் பிரித்தார்கள். கோபால்ட் துண்டுகள் வெளியே சிதறின. ஏப்ரலில் தோல் கருகி, முடி கொட்டி, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர் இறந்தார். அணு விபத்துகளுக்கான பன்னாட்டு அளவுகோலில் இது 4ஆம் நிலை. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. சும்மா கிடந்த 25 ஆண்டுகளில் அதன் வீரியம் ஏறத்தாழ 27இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். எஞ்சிய அந்தப் பங்கே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது.

இதில் யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. நினைக்காத தீங்கு வினையாகுமா? பௌத்தமும் சமணமும் இதைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டன. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் காண்கிறது. உடலால் செய்வதைவிட மனத்தால் செய்வதே பெரிது என்பதை நிறுவும் உரையாடல், பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரம். அது பௌத்தர்களின் பதிவு என்பதால் சமணர் தரப்பு அதில் வலுவிழந்தே தெரிகிறது. சமணத்தின் நிலையை அறிய உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்துக்குப் போக வேண்டும். கவனம் தப்பிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்பது அந்நூலின் வரையறை. தீய நோக்கம் இருந்ததா என்று மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இது இடம் தருவதில்லை. விளைவை மட்டும் வைத்துப் பழி சுமத்தவும் விடுவதில்லை. அசட்டையைத்தான் அது குற்றக் கூண்டில் நிறுத்துகிறது.

அதே நூல் துறவிக்கு ஐந்து சமிதிகளை, அதாவது ஐந்து வகை விழிப்புகளை, விதிக்கிறது. நடப்பதிலும், பேசுவதிலும், உணவு ஏற்பதிலும், பொருளை எடுத்து வைப்பதிலும் விழிப்பு வேண்டும். ஐந்தாவது, கழிவை நீக்குவதில் விழிப்பு. உடற்கழிவைக்கூடச் சிற்றுயிர்கள் இல்லாத இடம் பார்த்தே விட வேண்டும். வேண்டாததைத் தள்ளுவதும் பேச்சைப் போல, நடையைப் போல ஒரு செயல். அதற்கும் கணக்கு உண்டு. கழிவு நீக்கத்தைக் கடைநிலை ஊழியரின் வேலையாக ஒதுக்கிவிடும் வளாகங்கள் இந்த ஒரு விதியிலிருந்தே நிறையக் கற்கலாம். எண்ணத்துக்கு முதலிடம் தரும் பௌத்தமும் நடைமுறையில் இங்கே வந்து சேர்கிறது: பிக்குணி மதிலுக்கு அப்பால் கழிவையோ குப்பையையோ எறிவது துறவியர் விதித்தொகுப்பான விநயத்தின்படி குற்றம். அப்பால் வருபவர் யார் என்பது எறிபவருக்குத் தெரியாது.

விற்றதோடு உடைமை மாறியது, பொறுப்பும் மாறியது என்று ஒருவர் வாதிடலாம். விற்றவர் அறிந்ததை வாங்கியவரும் அறிந்திருந்தால் அந்த வாதம் நிற்கும். மாயாபுரிக்கு ஈயமும் இரும்பும் போயின. உள்ளே இருப்பது என்ன என்ற அறிவு போகவில்லை. அறிவைத் தேடுவதும் கற்பிப்பதுமே தொழிலாகக் கொண்ட ஓரிடத்துக்கு இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. ஆசிரியர்கள் ஓய்வு பெறுகிறார்கள், ஆய்வு மாணவர்கள் பட்டம் பெற்றுப் போகிறார்கள். அவர்களுக்குப் பின் நிறுவனத்தின் நினைவாக எஞ்சுவது பதிவேடும் புட்டிமேல் ஒட்டிய பெயர்ச்சீட்டும்தான். ஈரம் உலர்ந்த பிக்ரிக் அமிலம் லேசான உராய்விலும் வெடிக்கக்கூடும். சயனைடுக் கழிவில் அமிலம் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். நைட்ரிக் அமிலத்தைக் கரிமக் கரைப்பான் கழிவோடு ஊற்றி மூடினால் கலன் வெடிக்கும். சீட்டு இல்லாத புட்டியை அடுத்து எடுக்கும் கைக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

மறுசுழற்சி எப்போதும் நல்லதுதானே என்ற எண்ணத்தையும் இங்கே சோதிக்க வேண்டும். பௌத்த விநயத்தில் ஒரு கதை உண்டு. இத்தனை துறவாடைகளை என்ன செய்வீர்கள் என்று உதயண மன்னன் கேட்க, பழையவை விரிப்பாகும், பிறகு கால்மிதியாகும், கடைசியில் மண்ணோடு குழைத்துத் தரை பூசப் பயன்படும் என்று புத்தரின் சீடர் ஆனந்தர் விளக்குகிறார். அங்கே பொருள் கடைசிவரை அதை அறிந்தவர்கள் கையிலேயே இருக்கிறது. தில்லியின் சீலம்பூரில் நடப்பது வேறு. பழைய கணினிகளைப் பிரிப்பவர்கள் அங்கே செம்புக்காகக் கம்பிகளை எரிக்கிறார்கள்; மின்பலகைகளை அமிலத்தில் போடுகிறார்கள். உலோகம் மீள்கிறது, நஞ்சு அவர்களுடைய நுரையீரலில் தங்குகிறது. தீங்கை ஏழைமேல் இறக்கி வைக்கும் மறுசுழற்சி அறமாகாது.

இந்தியச் சட்டம் இந்த அறத்தை ஓரளவு ஏற்றிருக்கிறது. தில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலை நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு அவரே என்றது. இதில் அது சமண வரையறையையும் தாண்டிப் போனது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. அது எங்கே போகிறது என்ற ஆவணமும் கூடவே செல்ல வேண்டும். கதிரியக்கக் கழிவுகளுக்கான தனி விதிகள் 1987லேயே வந்துவிட்டன. மாயாபுரி விபத்தில் இல்லாமற்போனது சட்டம் அன்று, விழிப்பு. பூட்டிக் கிடக்கும் ஆய்வக அறைகளில் என்ன இருக்கிறது என்பதை, அறிந்தவர்கள் பணியில் இருக்கும்போதே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் திறந்து பார்த்துப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாமல் எந்த ஏலமும் நடக்கக் கூடாது.