பலனைத் துறப்பது பொறுப்பைத் துறப்பதாகுமா?

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்ய வேண்டும் என்பது பகவத்கீதையின் மையமான உபதேசம். இதைக் கேட்பவர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. பலனைப் பற்றிக் கவலைப்படாதவன் வேலையை எவ்வாறு சரியாகச் செய்வான்? ‘என்னால் இயன்றதைச் செய்துவிட்டேன், மற்றவை இறைவன் செயல்’ என்று கூறிப் பாதியில் நிறுத்திவிட மாட்டானா? அவனது பற்றின்மையால் துன்புறுவது பிறர் அல்லவா?

இந்த ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையே போதும்.

தில்லியின் கரோல் பாகில் இத்தகைய பட்டறைகள் பல உள்ளன. இமயமலைச் சாலைகளுக்குப் புறப்படுவோர் அங்கே வண்டிகளைப் பழுது பார்ப்பதுண்டு. அங்கே ஒரு பழைய வண்டி நிற்பதாகக் கொள்வோம். முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் லிவரை அழுத்தினால், அது பஞ்சுபோல் கைப்பிடி வரை அமுங்குகிறது, சக்கரமோ நிற்பதில்லை.

காரணம் எளியது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். தத்துவ ஞானியாகவும் விளங்கிய பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதி இது. லிவரின் அழுத்தம் பிரேக் ஆயில் வழியே சென்று பிஸ்டனைத் தள்ள, பேட்கள் டிஸ்க்கை இறுகப் பற்றுகின்றன. ஆனால் குழாயில் காற்றுக் குமிழிகள் புகுந்துவிட்டால், கையின் விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

மெக்கானிக் முதலில் கசிந்த சீலை மாற்றுகிறார். பிறகு காற்றை வெளியேற்றத் தொடங்குகிறார். லிவரைப் பலமுறை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு, காலிப்பரிலுள்ள நிப்பிளைச் சிறிது தளர்த்துகிறார். ஆயிலோடு குமிழிகள் வெளிவருகின்றன. நிப்பிளை இறுக்கிய பின்னரே லிவரை விட வேண்டும். முந்திவிட்டால் வெளியே சென்ற காற்று மீண்டும் உள்ளே நுழையும். மேலே உள்ள கிண்ணத்தில் ஆயில் வற்றினாலும் அதே கதிதான். எனவே மீண்டும் மீண்டும், பொறுமையோடு செய்ய வேண்டிய பணி இது.

சோதனை நேரும் இடம்

மாலையாகிவிட்டது. வண்டியின் சொந்தக்காரர் காத்திருக்கிறார். லிவர் பெருமளவு இறுகிவிட்டது. சிறு நெகிழ்வு மட்டும் எஞ்சியிருக்கிறது. நகரச் சாலையில் இந்தப் பிரேக் வண்டியை நிறுத்திவிடும். பழைய ஆயிலில் ஒரு பகுதி குழாயில் தங்கியிருந்தாலும் எவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த அளவு 155 டிகிரி மட்டுமே. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயிலிருந்து மணாலிக்கு இறங்கும் சாலையில் பிரேக்கை இடைவிடாது பயன்படுத்தினால் வெப்பம் ஏறும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். லிவர் மீண்டும் பஞ்சாகிவிடும். மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் குறை வெளிப்படும். அப்போது பின்னால் அமர்ந்திருப்பவர் யாரோ, மெக்கானிக் அறியமாட்டார்.

எது பற்று?

‘பலன்’ என்ற சொல்லில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. கூலி, பாராட்டு, ‘வேலை முடிந்தது’ என்ற நிம்மதி ஆகியவை செய்பவனை வந்தடைபவை. செயலால் பிறருக்கு விளையும் நன்மையும் தீமையும் வேறு. கீதை துறக்கச் சொல்வது முன்னதன் மீதுள்ள ஆசையையே. பின்விளைவையும் பிறருக்கு நேரும் துன்பத்தையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கப்படும் செயலைப் பதினெட்டாம் அத்தியாயம் (18.25) தாமசம் என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே விளைவைப் பொருட்படுத்தாமை துறவு அல்ல, தமோகுணம்.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், ‘இது போதும்’ என்று மெக்கானிக்கைச் சொல்லவைப்பது எது? சீக்கிரம் முடிக்க வேண்டும், கூலி பெற வேண்டும் என்ற ஆசை. அதாவது பலனில் உள்ள பற்றே. அதிலிருந்து விடுபட்டவரே சலிப்பின்றி இன்னொரு முறை நிப்பிளைத் திறக்கிறார். பழி வருமே என்ற அச்சமும் மனிதனைக் கவனமாக இருக்கச் செய்யும் என்பது உண்மை. ஆனால் பழி எட்டும் தூரம் வரைதான் அந்தக் கவனம் நீடிக்கும். யாராலும் கண்டுபிடிக்க முடியாத குறையை நீக்குவதற்கு அச்சம் உதவாது.

1900 ஜனவரி 4-ஆம் நாள் லாஸ் ஏஞ்ஜலிஸில் ஆற்றிய சொற்பொழிவில் சுவாமி விவேகானந்தர், குறிக்கோளுக்குத் தரும் அதே கவனத்தை அதை அடையும் வழிமுறைக்கும் தர வேண்டும் என்று வலியுறுத்தினார். கர்மயோகத்தின் இரகசியம் இதுவே.

லிவர் கல்போல் இறுகிய பிறகு, வண்டியை ஓட்டிச் சோதித்த பிறகு, மெக்கானிக்கின் பணி முடிகிறது. வழியில் பெய்யும் மழையும், உருளும் பாறையும், ஓட்டுபவரின் வேகமும் அவர் கையில் இல்லை. ‘மற்றவை இறைவன் செயல்’ என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுதான். கடைசிக் குமிழி வெளியேறும் முன்பே அதைச் சொல்வது சரணாகதி ஆகாது. சோம்பலுக்கு இறைவன் பெயரைச் சூட்டுவதே ஆகும். தம் கடமை எங்கே முடிகிறது, இறைவனிடம் ஒப்படைப்பது எங்கே தொடங்குகிறது என்பதை நேர்மையோடு அறிந்துகொள்வது ஒவ்வொரு சாதகனும் அன்றாடம் செய்ய வேண்டிய சாதனை.