நீச்சல் குளமும் நம் பெண்மக்களும்

சென்ற கோடை விடுமுறையில் நாம் நசரத்பேட்டையிலுள்ள தம்பி வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தோம். பூவிருந்தவல்லியைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை வெளிவட்டச் சாலை குறுக்கிடும் பகுதி அது. நமக்குத் தெரிந்த நாளில் ஆளரவமற்றுக் கிடந்த நிலங்களிலெல்லாம் இன்று அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. தம்பி குடியிருக்கும் இடத்திலும் குடித்தனக்காரர்களுக்கென்று ஒரு பொழுதுபோக்கு மையம் இருக்கிறது. ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த விளையாட்டுத் திடல்; அதை ஒட்டி நீல ஓடு பதித்த நீச்சல் குளம். அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போனோம்.

திடலில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஓடியாடிக் கொண்டிருந்தார்கள். குளத்தருகே வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பையன்கள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். தகப்பன்மாரும் இறங்கினார்கள். தாய்மார் துவாலைகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அமர்ந்தார்கள். சின்னஞ்சிறு பெண்குழந்தைகள் இரண்டடி ஆழத் தொட்டியில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்க, பத்து வயதைக் கடந்த பெண்பிள்ளைகள் மட்டும் குளத்து விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நம் தம்பி மகள். அவளுக்குப் பதினொரு வயது.

"அண்ணன் நீச்சல் கத்துக்கிட்டான் பெரியத்தா. நான் கத்துக்கக் கூடாதாம். தண்ணியில விழுந்தா அவன் மட்டும் பொழைச்சுக்கணுமா?" என்று கேட்டாள்.

"நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய் அல்லவா?" என்ற பதில் நம் நாவில் தயாராக இருந்தது, சொல்லியும் விட்டோம். அவள் அதற்குமேல் பேசவில்லை. அன்றிரவு படுத்த பிறகுதான் நமக்கு உறைத்தது: அவள் கேட்டது ஒன்று, நாம் சொன்னது வேறொன்று. அவள் உயிரைப் பற்றிக் கேட்டாள். நாம் உடையைப் பற்றிப் பதில் சொன்னோம். இந்த இரண்டில் எதற்காக எதை விட்டுக்கொடுப்பது, அல்லது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா என்பதைப் பற்றி வாசக அன்பர்களுடன் சற்று யோசிக்க விரும்புகிறோம்.

பொழுதுபோக்கு கூடுமா என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. மதீனாப் பள்ளியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழத் துணை நின்றார்கள் என்று புகாரி ஷரீஃபில் வருகிறது. அன்னையாருடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். வீண் விளையாட்டில் சேராதவை என நான்கு காரியங்களை எண்ணிச் சொல்லும் ஒரு ஹதீஸ் இமாம் நஸாயீ அவர்களின் பெரிய தொகுப்பில் உண்டு. அந்த நான்கில் ஒன்று நீச்சல் கற்பது. அங்கே ஆணுக்கு மட்டும் என்று வரம்பு கட்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். நசரத்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. நிறைந்தால் 24 அடி ஆழம். 3,645 மில்லியன் கன அடி தண்ணீர். ஏரி, குளம், வாய்க்கால், விவசாயக் கிணறு, கடல் என்று தமிழ்நாட்டில் தண்ணீரைக் காணாத ஊர் எது? 2022 ஜூன் 5ஆம் தேதி கடலூர் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கச் சென்ற சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். முதலில் ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற முயன்றவர்களும் சேர்ந்து மூழ்கினார்கள். தோழியின் கையைப் பிடிக்க ஓடிய அந்தப் பிள்ளைகளிடம் அன்பு இருந்தது, துணிவு இருந்தது; நீச்சல் இல்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீரில் பத்திரமாக இருக்கும் முறையும் கற்றுக்கொடுங்கள் என்பது அந்நிறுவனம் சொல்லும் தடுப்பு வழிகளில் ஒன்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நீரில் மூழ்கி மௌத்தானவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஜனாஸா வீட்டில் பெற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் அதைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அது பறிகொடுத்தவர்களுக்கு அருளப்பட்ட ஆறுதல். கவனக்குறைவாக இருந்தவர்களுக்கு அதில் சாக்கு இல்லை. கொள்ளை நோயில் இறந்தவருக்கும் அதே அந்தஸ்துதான். அதற்காக நோய் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் யாரும் இருந்துவிடுவதில்லையே! ஷரீஅத்தின் நோக்கங்களை ஐந்தாக வகுத்த இமாம் கஸ்ஸாலி அவர்கள், மார்க்கத்தைக் காப்பதற்கு அடுத்த இடத்தில் உயிரைக் காப்பதை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நாணத்தைக் கைவிட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. ஹயா ஈமானின் ஒரு கிளை. பருவமடைந்த பெண், அந்நிய ஆண்கள் குளிக்கும் குளத்தில், உடலோடு ஒட்டும் உடையில் இறங்குவதை எந்த மத்ஹபும் ஏற்காது. நாம் சொல்ல வருவது வேறு. அன்று அந்தக் குளக்கரையில் ஹயாவைப் பற்றி ஒருவர் பேச வேண்டியிருந்திருந்தால், முதலில் பேச வேண்டியது விளிம்பில் உட்கார்ந்திருந்த சிறுமியிடமன்று. குளத்துக்குள் இருந்த அவளுடைய அத்தாவிடம்!

ஆம், ஆணுக்கும் அவ்ரத்து உண்டு. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைத்தாக வேண்டும்; ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அவ்ரத்தில் சேரும். தொடை மறைக்கப்பட வேண்டிய உறுப்பு என்று ஜர்ஹத் (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸைப் பள்ளியில் கேட்காதவர் நம்மில் குறைவு. கேட்டவர்கள்தான் சாண் அளவுக் கால்சட்டையோடு ஊரார் பார்க்கக் குளக்கரையில் நிற்கிறார்கள். மனைவியின் புர்கா ஒரு விரற்கடை விலகினால் கண்ணால் அதட்டுகிற மனிதர், தம் தொடை இரண்டும் வெயிலில் காய்வதை உணர்வதேயில்லை. ஹயா என்பது வீட்டுப் பெண்கள் நம் சார்பில் சுமக்கும் மூட்டை என்று எண்ணிக்கொண்டோம் போலும். அன்று மஃரிப் பாங்கு கேட்ட பிறகும் தண்ணீரை விட்டு எழாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பெஞ்சிலிருந்த அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் தொழுகைக்காக முதலில் எழுந்து போனார்கள்.

நம் முன்னோர் பெண்களின் கண்ணியத்தைக் காக்க நினைத்தபோது என்ன செய்தார்கள் என்பதற்குக் காயல்பட்டினத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வீடுகளுக்கு இடையே முடுக்குகள் உண்டு. பெண்கள் நடமாட உதவும் குறுகிய சந்துகள். ஆண்கள் தெரு வழியே போக, பெண்கள் அந்த முடுக்குகள் வழியே உறவினர் வீடுகளுக்குப் போய் வருவார்கள். தெருவில் ஆண்கள் இருக்கிறார்கள், ஆகவே பெண்கள் எங்கும் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது, காசும் செலவாகாது. அவர்களோ தம் மனைக்கட்டில் கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுத்துப் பாதை போட்டார்கள்.

தண்ணீர் விஷயத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பழைய முஸ்லிம் நகரங்களின் பொதுக் குளியலறைகளான ஹம்மாம்களில் ஒரே கட்டிடத்தை ஆண்களுக்கு ஒரு வேளையும் பெண்களுக்கு ஒரு வேளையுமாகப் பிரித்துக்கொள்வார்கள். கெய்ரோ மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1836இல் புத்தகம் வெளியிட்ட எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், பெண்கள் உள்ளே இருக்கும் வேளையில் வாசலில் ஒரு துணியைத் தொங்கவிடுவார்கள் என்றும், அதைக் கண்டால் ஆண்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஒரு துண்டுத் துணி!

இதற்கு மாறாக, ஏற்பாடு எதுவும் செய்யாமல் பிடிவாதம் மட்டும் இரு தரப்பிலும் நின்றால் எங்கே போய் முடியும் என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்து வழக்கு ஒன்றைச் சொல்லலாம். துருக்கியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு முஸ்லிம் தம்பதி, ஆணும் பெண்ணும் சேர்ந்து கற்கும் பள்ளி நீச்சல் வகுப்புக்குத் தம் இரு பெண்மக்களை அனுப்ப மறுத்தார்கள். மொத்தம் 1,400 பிராங்க் அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில் 2017 ஜனவரி 10ஆம் தேதி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. அந்தப் பெண்குழந்தைகள் அப்போது பருவமடையாதவர்கள். பருவமடைந்தவர்களுக்கே விதிவிலக்கு உண்டென்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். முழு உடலையும் மறைக்கும் நீச்சலுடை அணியலாம் என்றும் சொன்னார்கள். பெற்றோரின் கவலை நமக்குப் புரிகிறது. அதட்டியும் அபராதம் போட்டும் மார்க்கப் பற்றுள்ளவர்களை இணங்க வைக்கலாம் என்ற எண்ணம் நமக்கு உவப்பில்லை. எனினும் அவ்வழக்கில் நமக்கு உறுத்துவது வேறொன்று. பெற்றோர் பேசியது நாணத்தைப் பற்றி. நீதிமன்றம் பெரிதும் பேசியது பிற பிள்ளைகளோடு சேர்ந்து பழகுவதைப் பற்றி. அந்தக் குழந்தைகள் ஒருநாள் ஆற்றில் விழுந்தால் என்ன ஆவார்கள் என்பது பின்னுக்குப் போய்விட்டது.

வேறு வழியும் திறந்திருக்கத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய லெபனானியக் குடும்பத்தைச் சேர்ந்த அஹீதா ஸனெட்டி என்ற பெண்மணி, தலை முதல் கணுக்கால் வரை மறைத்து, தண்ணீரில் பாரம் ஏறாத நீச்சலுடையை 2004இல் வடிவமைத்தார். 2007இல் மக்கா லாலா என்ற முஸ்லிம் பெண் அத்தகைய உடையை அணிந்து ஸிட்னி அருகே குரோனுல்லா கடற்கரையில் உயிர்காப்பாளராகத் தேர்ச்சி பெற்றார். அதே கடற்கரையில்தான் 2005 டிசம்பரில் அரபு வம்சாவளியினருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. மூழ்குகிறவன் எவனாயினும் கைகொடுக்க ஒரு முஸ்லிம் பெண் அங்கே நின்றாள்.

பெண்ணுக்கும் தண்ணீருக்கும் தூரம் என்று எண்ணுகிறவர்கள் உம்மு ஹராம் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பார்க்கட்டும். நபியவர்கள் அவர்கள் வீட்டில் உறங்கி எழுந்து, தம் சமுதாயத்தார் கடலில் பயணிக்கும் காட்சி தமக்குக் காட்டப்பட்டதாகப் புன்னகையுடன் சொன்னார்கள். அக்கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருக்க துஆச் செய்யுங்கள் என்று அந்த அம்மையார் கேட்டார்கள். நபியவர்களும் துஆச் செய்தார்கள். பின்னாளில் முஆவியா (ரலி) அவர்களின் கப்பற்படையோடு சைப்ரஸ் தீவுக்குச் சென்று, கரையேறியபின் வாகனத்திலிருந்து விழுந்து மறைந்தார்கள். இன்றும் லார்னகா நகருக்கு அருகே அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. குழந்தை மூஸா (அலை) அவர்கள் ஆற்றில் விடப்பட்டபோது, அந்தப் பேழையைக் கண்காணிக்கத் தாயார் அனுப்பியதும் ஒரு பெண்பிள்ளையைத்தான் என்று கஸஸ் ஸூராவில் வருகிறது.

தனி வேளை ஒதுக்கினாலும் ஆபத்துகள் இல்லையா? உண்டு. இக்காலத்தில் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கைபேசிதான். பெண்கள் குளிக்கும் வேளையில் ஒரு கைபேசியும் உள்ளே போகக் கூடாது. கற்றுக்கொடுப்பவரும் காவலிருப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். மேல்மாடி ஜன்னல்களிலிருந்து பார்வை படாதபடி தட்டி கட்ட வேண்டும். பெண்களுக்கிடையிலும் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது கடமை. முஸ்லிமல்லாத பெண்கள் முன்னிலையில் எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் முழு நீச்சலுடையே பேணுதலானது. குளோரின் போட்ட தண்ணீரில் ஒளுச் செய்தால் கூடுமா என்று தம்பி மகன் ஒரு சந்தேகம் கேட்டான். தண்ணீர் என்ற பெயர் மாறாத அளவுக்கு மருந்து கலந்திருந்தால் கூடும்; குழாய்த் தண்ணீரிலும் அதைத்தானே கலக்கிறார்கள்!

ஊர் திரும்புவதற்கு முன்தினம் தம்பியிடமும் அவர் மனைவியிடமும் இதையெல்லாம் பேசினோம். தம்பி முதலில் சங்கடப்பட்டார். "நாம கேட்டா, இவங்களுக்கு மட்டும் தனிச் சலுகையான்னு பேசமாட்டாங்களா?" என்றார். அவர் மனைவிதான், "பெஞ்சில என்கூட உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்களா? பாதிப் பேருக்கு மேல மத்தவங்கதான். அவங்களும்தான் ஆம்பளைங்க இருக்காங்கன்னு இறங்காம இருக்காங்க" என்றார். நமக்கு இது தோன்றவே இல்லை. நாணம் நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே உரியது என்ற நினைப்பும் ஒருவகைப் பெருமையோ என்னவோ.

குடியிருப்போர் சங்கத்துக்குப் பெண்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும், ஒரு பெண் பயிற்சியாளர், தட்டி கட்டும் செலவைக் கையெழுத்திட்டவர்களே பகிர்ந்துகொள்வது என்று அதில் கண்டிருக்கிறது. முதல் கையெழுத்து மூன்றாம் மாடியிலுள்ள ஓர் இந்து மூதாட்டியுடையது. அவருடைய பேத்தியும் அந்த விளிம்பில் உட்கார்ந்திருந்தவள்தான். சங்கத்தின் முடிவு இன்னும் வரவில்லை. தம்பி தமக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீச்சல் உடை ஒன்று வாங்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.