திண்டின்மேல் வைத்த கை

1460 அக்டோபர் 10. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள் எக்காளம் முழங்க ஒரு ஊர்வலம் நுழைகிறது. முன்னால் நிமிர்த்திப் பிடித்த வாள் ஒன்று போகிறது. அது அரசனுக்கு மட்டுமே உரிய மரியாதை. பின்னால் வருபவர் யார்க் டியூக் ரிச்சர்ட், வயது 49. பிரபுக்கள் கூடியிருந்த மன்றத்துக்குள் நேராக நடந்து போய், காலியாகக் கிடந்த அரியணையின் திண்டின்மேல் கையை வைத்தார். சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வாழ்த்தொலி எழும் என்று காத்திருந்தார் என்கிறது அந்தக் காலத்துக் குறிப்பு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கேன்டர்பரி பேராயர்தான் முன்வந்து, அரசரைப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். தான் போய்ப் பார்க்கும்படியான ஆள் இந்த நாட்டில் யாரும் இல்லை, பார்க்க வேண்டுமானால் அவர்கள்தான் வரவேண்டும் என்று பதில் வந்தது.

அவருடைய பக்கத்தவர்களே அன்று முகம் சுளித்தார்கள். இத்தனைக்கும் வம்சக் கணக்கின்படி அவர் கேட்டதில் பிழை சொல்வது எளிதல்ல. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. நியாயமான உரிமை ஒருவரிடம் இருக்கிறது; அதைக் கேட்டால் ஊர் பற்றி எரியும். அவர் கேட்கலாமா?

கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம். மூன்றாம் எட்வர்டின் மூத்த மகன் தந்தைக்கு முன்பே இறந்துபோக, அவருடைய மகன் இரண்டாம் ரிச்சர்ட் 1377-ல் அரசரானார். அவருக்குப் பிள்ளை இல்லை. அடுத்த வழி, எட்வர்டின் இன்னொரு மகன் லயனலுடையது. லயனலுக்கு ஒரே மகள், ஃபிலிப்பா. அவர் மார்ட்டிமர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். லயனலுக்கு இளையவர் லங்காஸ்டர் டியூக் ஜான். 1399-ல் ஜானின் மகன் ஹென்றி போலிங்புரோக், பெரியப்பா மகனான ரிச்சர்டைப் பதவியிறக்கி நான்காம் ஹென்றியாக முடிசூடிக்கொண்டார். ரிச்சர்ட் மறு ஆண்டே பான்டிஃபிராக்ட் கோட்டைச் சிறையில் இறந்தார். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்றே பலரும் நம்பினர். ஆட்சி பறிபோன 1399-ல், மார்ட்டிமர் வழியின் வாரிசு எட்மண்டுக்கு வயது 7.

பங்காளி வழக்குகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூத்தவரின் கொள்ளுப்பேரனுக்குப் போகவேண்டியதை இளையவரின் மகன் எடுத்துக்கொண்டார். கொள்ளுப்பேரன் மகள்வழி என்பது ஒன்றுதான் எதிர்வாதத்துக்கு இருந்த இடம். அந்த வாதத்தையும் லங்காஸ்டர்காரர்களால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்து அரசர்கள் பிரான்ஸின் முடியைக் கேட்டுப் போரிட்டதே மூன்றாம் எட்வர்டின் தாயார் வழியாகத்தான். 1406 ஜூனில் முடி ஆண்வழிக்கே போகும் என்று நாடாளுமன்றத்தில் சட்டம் செய்தார்கள். டிசம்பரில் அதை அவர்களே திரும்பப் பெற்றார்கள். வீட்டில் ஒரு நியாயம், கடல் கடந்தால் ஒரு நியாயம் என்று எத்தனை நாள் ஓட்ட முடியும்?

1415-ல் இது கேலிக்கூத்தாகவே ஆனது. ஐந்தாம் ஹென்றி பிரான்ஸ் மீது படையெடுக்க சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பல்களோடு காத்திருக்கிறார். அதே ஊரில், எட்மண்ட் மார்ட்டிமரை அரசராக்க ஒரு சதி நடக்கிறது. முன்னின்றவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் பிரபு ரிச்சர்ட், எட்மண்டின் அக்காவின் கணவர். ஆகஸ்ட் 5-ம் தேதி அவர் தலை வெட்டப்பட்டது. அடுத்த வாரம் கப்பல்கள் புறப்பட்டன. பெண்வழி உரிமைக்காக ஒருவரைக் கொன்ற கையோடு, அதே பெண்வழி உரிமையைக் கேட்டு அரசர் கடல் கடந்தார்.

சதியை அரசரிடம் சொன்னவர் யார்? எட்மண்ட்தான். யாருக்காகச் சதியோ அவரே, ஜூலை 31-ம் தேதி போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். பிறகு அந்த மைத்துனருக்கு மரண தண்டனை விதித்த பிரபுக்கள் குழுவிலும் உட்கார்ந்தார். வரலாற்றாசிரியர்கள் இவரை அதிகம் மதித்ததில்லை. முதுகெலும்பில்லாதவர், பயந்தாங்கொள்ளி என்றுதான் பேச்சு. அரசர் மீது அவருக்குக் கோபம் இருந்திருக்கவும் வேண்டும். அனுமதியின்றித் திருமணம் செய்ததற்காக 10,000 மார்க் அபராதம் விதிக்கப்பட்டவர் அவர். சிறுவயதை அரசக் காவலிலேயே கழித்தவர். 1405-ல் அவரையும் தம்பியையும் விண்ட்ஸர் கோட்டையிலிருந்து யாரோ கடத்திக்கொண்டு போக, அரசப் படை துரத்திப் பிடித்து மீண்டும் அடைத்தது. பிறர் கைக்குக் கை மாறும் பண்டமாகவே வளர்ந்த மனிதர். உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

எட்மண்டுக்கு வக்காலத்து வாங்குவது சங்கடமான வேலை. அக்கா கணவரைக் காட்டிக்கொடுத்ததை யாரும் அறம் என்று சொல்ல மாட்டார்கள். உயிர்ப்பயம் அதில் முக்கால் பங்கு இருந்திருக்கும். ஆனாலும் ஒரு கணக்கு மிஞ்சுகிறது. அவர் வாய் மூடியிருந்தவரை மார்ட்டிமர் பெயரால் பெரிய போர் நடக்கவில்லை. அதற்கு முன் 1403-ல் ஷ்ரூஸ்பரியில், அவர் சிறுவனாக இருந்தபோது, அவர் உரிமையும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டு ஒரு கொடிய போர் நடந்திருந்தது. வளர்ந்த பிறகு அவர் தன் பெயரை யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. 1425-ல் அயர்லாந்தில் கொள்ளைநோயில் இறந்தார், பிள்ளை இல்லாமல். சொத்தும் உரிமையும் அக்கா மகனுக்குப் போயின. தாய்மாமன் காட்டிக்கொடுத்த அதே கேம்பிரிட்ஜ் பிரபுவின் மகன் அவன். வெஸ்ட்மின்ஸ்டரில் திண்டின்மேல் கை வைத்த ரிச்சர்ட்.

ஒரே உரிமை, மாமன் அதைப் புதைத்தார், மருமகன் தோண்டியெடுத்தார்.

மருமகன் எடுத்த எடுப்பிலேயே தோண்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் அன்றைய அரசர் ஆறாம் ஹென்றிக்கு ஊழியம் செய்தார். பிரான்ஸில் படை நடத்தியதற்காக அரசு அவருக்குத் தரவேண்டிய பாக்கி 38,000 பவுண்டைத் தாண்டியது. ஹென்றி பக்திமான், ஈட்டன் பள்ளியை நிறுவியவர். ஆனால் ஆளத் தெரியாதவர். 1450-ல் நார்மண்டி போயிற்று. 1453-ல் கஸ்கனியும் போயிற்று. அந்த ஆண்டே அரசருக்குச் சித்தம் கலங்கி, பிறந்த மகனைக் கொண்டுவந்து காட்டியபோதுகூட அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது நாட்டைக் காக்கும் பொறுப்பு யார்க்கிடம் வந்தது. அவர் மோசமாகச் செய்யவில்லை. அந்த நாட்களில் அவர் பேசியதெல்லாம் கெட்ட ஆலோசகர்களைப் பற்றி, வீணான வரிப்பணத்தைப் பற்றி, இழந்த நிலத்தைப் பற்றி. அதற்கு ஊரில் செவி இருந்தது.

1460-ல் அவர் பேச்சை மாற்றினார். நாடு சீரழிகிறது என்று கேட்டவர், இது என் கொள்ளுப்பாட்டியின் சொத்து என்று கேட்கத் தொடங்கினார். மன்றத்தின் மௌனத்துக்கு அர்த்தம் இதுதான் என்று படுகிறது. முதல் கோரிக்கையில் கேட்பவர்களுக்கும் பங்கு இருந்தது. இரண்டாவது கோரிக்கையில் அவர்கள் வெறும் சாட்சிகள்.

உரிமைக் கோரிக்கை எழுத்தில் வந்ததும் பிரபுக்கள் செய்த முதல் காரியம், அதை நீதிபதிகள் தலையில் கட்டியது. நீதிபதிகள் கூடிப் பேசி, இது சட்டத்துக்கு மேற்பட்ட விஷயம், எங்கள் படிப்புக்கு எட்டாதது என்று நழுவிவிட்டார்கள். சரி, அரசாங்க வக்கீல்களாவது சொல்லுங்கள் என்றால், நீதிபதிகளுக்கே எட்டாதது எங்களுக்கு எப்படி எட்டும் என்றார்கள். சிரிக்கத் தோன்றும். தோற்ற பக்கத்துக்காக எழுதியவர் தலை ஈட்டிமுனையில் ஏறும் காலம் என்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

வேறு வழியின்றிப் பிரபுக்களே ஆட்சேபங்களை எழுதினார்கள். அவற்றில் இரண்டு கனமானவை. நாங்கள் எல்லோரும் ஹென்றிக்குச் சத்தியம் செய்திருக்கிறோம், நீங்களும் செய்திருக்கிறீர்கள் என்பது ஒன்று. 1452-ல் லண்டன் புனித பவுல் தேவாலயத்தில் எல்லோரும் பார்க்க அவர் சத்தியம் செய்தது உண்மை. கடவுளின் நீதிக்கு மாறான சத்தியம் யாரையும் கட்டாது என்று பதில் சொன்னார். அது பழைய சமயச் சட்டம் ஒப்புக்கொள்ளும் விதிதான். ஆனால் சத்தியம் செய்யும்போதே தன் உரிமை அவருக்குத் தெரியும். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைச் சொன்னவர், பிறகு உள்ளே இருந்ததைக் காட்டி விடுதலை கேட்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது. லயனலின் சின்னத்தை ஏன் இத்தனை காலம் கேடயத்தில் பொறிக்கவில்லை என்று கேட்டதற்கும், காரணம் நாட்டுக்கே தெரியுமே என்ற தொனியில்தான் பதில் சொன்னார்.

மற்ற ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. மூன்று தலைமுறை ஹென்றிகள், எத்தனையோ நாடாளுமன்றச் சட்டங்கள், அறுபத்தோரு ஆண்டுகள். உரிமை சிறிது காலம் பேசாமல் கிடக்கலாம், அதற்காக அது அழுகிப் போய்விடாது என்பதுதான் யார்க் தரப்பின் விடையின் சாரம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. களவு பழசானால் சொந்தம் ஆகிவிடும் என்றால் களவாணிக்குக் காத்திருப்பது ஒன்றுதான் வேலை. பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் கையில் என்ற வழக்குகளில் அனுபவ பாத்தியத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளும்போதெல்லாம் நமக்கு உள்ளே ஏதோ உறுத்துவது இதனால்தான்.

ஆனால் அந்தச் சட்டம் களவாணிக்குப் பரிசாக வந்ததல்ல. இடைப்பட்ட காலத்தில் அந்த நிலத்தில் மற்றவர்கள் வீடு கட்டிவிடுகிறார்கள், கிணறு வெட்டிவிடுகிறார்கள், பெண்ணெடுத்துப் பெண்கொடுத்துவிடுகிறார்கள். 1460-ல் இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டயமும், தீர்ப்பும், கடன் பத்திரமும் ஏதோ ஒரு ஹென்றியின் முத்திரையில் நின்றது. 1399-ல் குற்றம் செய்த ஒருவரும் உயிரோடு இல்லை. இழந்தவரும் இல்லை. எட்மண்டிடமிருந்து பறித்ததை ரிச்சர்டுக்குத் திருப்பித் தரும்போது, அதற்கான விலையை அதன்பின் பிறந்தவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. உரிமை அழுகாது என்பதை ஒப்புக்கொண்டாலும், அதன்மேல் முளைத்தவற்றை வேரோடு பிடுங்கும் அதிகாரம் அதற்குள் அடக்கமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பிரபுக்கள் ஒரு நடுவழி கண்டார்கள். ஹென்றி சாகும்வரை அரசர். அதன்பின் யார்க்கும் அவர் பிள்ளைகளும். சமரசம் போலத் தோன்றும். ஹென்றியின் ஏழு வயது மகன் எட்வர்டுக்கு அதில் இடமில்லை. 1399-ல் ஏழு வயது எட்மண்டுக்குச் செய்ததையே 1460-ல் இன்னொரு ஏழு வயதுப் பையனுக்குச் செய்தார்கள், இம்முறை நீதியின் பெயரால். அவன் தாய் மார்கரெட் படை திரட்டினார். டிசம்பர் 30-ம் தேதி வேக்ஃபீல்டில் யார்க் கொல்லப்பட்டார். பதினேழு வயது மகன் எட்மண்டும் செத்தான். தந்தையின் தலைக்குக் காகித முடி சூட்டி யார்க் நகர வாசலில் வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

மூன்று மாதம் கழித்து, 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு. டௌட்டனில் கொட்டும் பனியில் யார்க்கின் மூத்த மகன் எட்வர்ட் பழிதீர்த்து, முடியை உறுதிசெய்துகொண்டான். செத்தவர்கள் 28,000 என்று அன்று எழுதினார்கள். இன்று அதை மிகை என்பார்கள். 1996-ல் அங்கே ஒரு கட்டட வேலைக்குத் தோண்டியபோது சுமார் 40 பேரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. நெருக்கி அடுக்கிப் புதைத்திருந்தார்கள். பல மண்டையோடுகளில் ஒன்றின்மேல் ஒன்றாக வெட்டுக்கள். ஒருவருடைய தாடையில் முந்தைய போர் ஒன்றில் பட்ட ஆழமான காயம் ஆறிக் கூடியிருந்தது. அவர் பிழைத்தெழுந்து, மீண்டும் வந்து, இங்கே விழுந்திருக்கிறார். லயனல் மூத்தவரா ஜான் மூத்தவரா என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா?

இரத்த உரிமையைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு குறிப்பு. லெஸ்டர் நகரின் வாகன நிறுத்துமிடத்தின் கீழ் 2012-ல் கண்டெடுத்த மூன்றாம் ரிச்சர்ட், இந்த யார்க்கின் கடைசி மகன். அவருடைய மரபணுவை, மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியினராகப் பதிவான இன்றைய சிலரோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போகவில்லை. இடையில் எங்கோ ஒரு தகப்பன், பதிவேட்டில் உள்ள தகப்பன் அல்ல. எந்தத் தலைமுறையில் என்று சொல்ல வழியில்லை.

ஆகவே மாமன் எட்மண்ட் செய்தது மேல் என்று எழுதி முடித்துவிடலாம் என்று தோன்றும். மௌனம் அத்தனை எளிதாகக் கைகொடுப்பதில்லை. 1450-ல் கென்ட் மாவட்டத்தில் கலகம் செய்த ஜாக் கேட், தன்னை ஜான் மார்ட்டிமர் என்று சொல்லிக்கொண்டார்; எட்மண்ட் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியில் 1485-ல் வென்ற லங்காஸ்டர் பக்கத்து ஏழாம் ஹென்றி, பின்பு யார்க் பெண் ஒருத்தியை மணந்து, இரண்டு வழியையும் ஒன்றாக்கினார். வென்ற ஆண்டே, யார்க்கின் பேரன் வார்விக் பிரபு எட்வர்டைப் பிடித்து லண்டன் டவரில் அடைத்தார். பையனுக்கு வயது 10. 1487-ல் வேறொரு சிறுவன் தானே வார்விக் என்று கிளம்பியபோது, நிஜமானவனை வெளியே கூட்டிவந்து புனித பவுல் தேவாலயத்தில் மக்களுக்குக் காட்டினார்கள். காட்டி முடித்ததும் உள்ளே கொண்டுபோனார்கள். வாத்தும் கோழியும் தனித்தனி என்றுகூட அறியாதபடி வளர்ந்தான் என்று பின்னால் ஒருவர் எழுதினார். அவன் ஒருநாளும் முடியைக் கேட்கவில்லை. 1499 நவம்பர் 28-ம் தேதி, 24 வயதில், அவன் தலையை வெட்டினார்கள்.