உப்புக்குக் கிலோமீற்றர் தெரியாது

புதுக் காருடன் ஒரு சேர்விஸ் புத்தகம் வரும். இத்தனை கிலோமீற்றருக்கு ஒயில், இத்தனைக்குப் பிளக், இத்தனைக்குப் பிறேக் என்று அதில் அட்டவணை போட்டிருக்கும். மன்னார்த் தீவில் அது பாதிக் கணக்குத்தான். மீதிக் கணக்கு உப்பின் கையில் இருக்கிறது. உப்புக்குக் கிலோமீற்றர் தெரியாது. ஓடாமல் கொட்டகைக்குள் நிற்கிற காரையும் அது அரிக்கும்.

சோளகக் காற்றின் வலுவை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவி, 2020 இல் தம்பபவனி காற்றாலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். அதே காற்றுத்தான் உப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. கதவின் கீழ் விளிம்பு, அடித்தட்டின் மடிப்பு, பிறேக் குழாயைக் கிளிப் பிடிக்கிற இடம் என்று ஈரம் தங்கும் மூலைகளில் உப்புப் போய் உட்காரும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் கூடுதலாக வேண்டும். அதனால் அது பெயின்றை உள்ளிருந்து தள்ளிக் கொப்பளமாக எழுப்பும். கொப்பளம் கண்ணில் படும்போது உள்ளே பாதி அரிபட்டிருக்கும்.

இதைக் கொழும்புக் கொம்பனிக் கராஜ் பார்க்கவில்லை என்று குறை சொல்ல முடியாது. 300 கிலோமீற்றர் தள்ளியிருக்கிறவர்களுக்கு இயந்திரம் தெரியும். அது இரவில் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பின்மேல் உப்பை ஊற்றுகிறோம் என்பதை எந்தச் சேர்விஸ் புத்தகமும் எழுதி வைக்காது.

பேசாலை, தாழ்வுபாடு மீனவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். படகின் வெளியிணைப்பு இயந்திரம் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. கரைக்கு வந்தபின் நல்ல தண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடாவிட்டால், உள்வழிகளில் உப்புப் படிந்து அடைத்துவிடும். இயந்திரத்தோடு ஒரு துத்தநாகக் கட்டியும் பூட்டியிருக்கும். மற்ற உலோகம் அரிபடாமல் அது முதலில் கரைந்துகொடுக்கும். கட்டி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்கக் கொம்பனிக்காரர் கடற்கரைக்கு வரப்போவதில்லை. நடுக்கடலில் மிசின் நின்றால் கூப்பிடு தூரத்தில் ஒரு கராஜும் இல்லை.

இப்படித் தாமே பார்த்துக்கொள்ளும் நம்மவர்களின் கைத்திறன் என்றதும் போர்க்காலத்தைச் சொல்லிப் பெருமைப்படுவோம். வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் தடைப்பட்ட ஆண்டுகளில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மாற்றினார்கள். அழுத்தம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. ஆனால் பிளக்கில் கரி பிடித்தது, ஒயில் நீர்த்தது, ஊரெல்லாம் புகை. அது வேறு வழியில்லாத வேலை. அந்தத் திறமையை மெச்சலாம். அந்த நிலைமையை வாழ்க்கை முறையாக யாரும் விரும்ப வேண்டியதில்லை.

போருக்குப் பிறகும் ஒரு தட்டுப்பாடு வந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் 2022 இல் ரூபாய் சரிந்து, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பலர் அப்போதுதான் முதன்முதலாகப் பொனற்றைத் திறந்தார்கள். காசு மிச்சம் என்பதே முதல் காரணம். அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது. வாங்குகிற சாவிகள், குறடுகள், வீணாகும் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கூட்டினால் சில வேலைகளைக் கராஜில் கொடுப்பதே மலிவு. சில வேலைகளைத் தொடவே கூடாது. ஹைபிரிட் கார்களின் பெரிய பற்றறி பலவற்றில் நூறு வோல்ற்றுக்கும் மேல். காற்றுப்பையும் விளையாட்டுப் பொருள் அல்ல. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுப்பது துணிச்சல் ஆகாது.

அப்படியானால் என்னதான் மிஞ்சுகிறது? வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்கிற பழக்கம். பற்றறி முனையில் பூத்த வெள்ளைப் பூவைத் துடைத்துக் கிறீஸ் பூசுவது, எயார் பில்டரில் மணலைத் தட்டுவது, மழைத் தண்ணீரால் அடித்தட்டைக் கழுவுவது என்று வேலைகள் சின்னவைதான். அவற்றைச் செய்கிறபோது கண் மற்ற இடங்களுக்கும் போகிறது.

கராஜுக்குப் போவதை நான் விடவில்லை. போகிற விதம் மாறியிருக்கிறது. முன்பு திறப்பைக் கொடுத்து, "ஒருக்காப் பாருங்கோ அண்ணை" என்பேன். இப்போது, "பின்பக்கம் இடது பிறேக் குழாய், கிளிப் பிடிக்கிற இடத்தில துரு ஏறியிருக்கு, பாருங்கோ" என்கிறேன். "அது இன்னும் தாங்கும் தம்பி, முதல்ல இதை மாத்துவம்" என்று அவர் வேறொன்றைக் காட்டுகிறார். இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துப் பேசுகிறோம். பில்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எனக்குக் காரணம் தெரிகிறது.

வேலையைக் காசு கொடுத்து வாங்கலாம். என் கார் எந்தக் காற்றில் நிற்கிறது, எந்தத் தண்ணீரில் குளிக்கிறது என்கிற அறிவு எந்தக் கொம்பனியிடமும் விற்பனைக்கு இல்லை. அதை நான்தான் வைத்திருக்க வேண்டும்.