பதக்கம் கொடுத்து முடித்த பிறகும் ஏன் ஓட வேண்டும்?

ஓட்டப்பந்தயத்துக்கும் ஒரு பருவம் உண்டு. ஐரோப்பாவில் திடல்தடப் போட்டிகள் மே மாதவாக்கில் சூடுபிடித்து செப்டம்பரில் முடியும். ஒலிம்பிக்கோ உலகப் போட்டியோ பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். அதற்குப் பிறகும் மூன்று நான்கு வாரத்துக்குப் போட்டிகள் இருக்கும். சூரிக், பிரசல்ஸ், முன்பெல்லாம் இத்தாலியில் ரியேத்தி என்ற சிறிய நகரம் என்று ஊர் ஊராக ஓடுவார்கள். பதக்கங்களைக் கொடுத்தாகிவிட்டது. கொடியேற்றி, கீதம் பாடி, இறக்கியும் ஆகிவிட்டது. ஆனாலும் அதே ஓட்டக்காரர்கள் மறுபடியும் கோட்டில் வந்து நிற்கிறார்கள்.

அந்த நேரத்தில் ஒருவருக்கு முழு மூச்சாக ஓட வேண்டிய கடமை இருக்கிறதா? சும்மா வந்து, ரசிகர்களுக்குக் கையசைத்து, வந்ததற்கான பணத்தை வாங்கிக்கொண்டு போனால் அது தப்பா? இதுதான் என் கேள்வி.

எங்கோ ஓடுகிறவன் கவலை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற நண்பர்கள் பதினான்காவது வாரத்தை நினைத்துப் பாருங்கள். கேரி மார்க் தெரிந்துவிட்டது. இறுதித் தேர்வில் இத்தனை எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டாகிவிட்டது. சிலருக்கு வேலைக் கடிதமே கையில் வந்துவிட்டது. "அதான் பாஸ் ஆகியாச்சே, விடுடா" என்ற குரல் விடுதியில் எல்லா மாடியிலும் கேட்கும். அதுவும் பருவத்தின் கடைசிப் பந்தயம்தான்.

முதலில் உடல் விஷயத்தைப் பார்ப்போம். பயிற்றுநர்கள் குளிர்காலம் முழுவதும் நீண்ட தூரம் ஓடவிட்டு அடித்தளம் போடுவார்கள். பிறகு தூரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவார்கள். பெரிய போட்டி நெருங்கும்போது பயிற்சியின் அளவையே குறைத்து, உடலைப் புதிதாக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இப்படி ஏறிய உச்சம் ஒரே நாளில் இறங்கிவிடாது, சில வாரம் நிற்கும். மனம் அப்படி இல்லை. இறுதிப் பந்தயம் முடிந்த அன்றிரவே அது வீட்டுக்குக் கிளம்பிவிடும். ஆக, செப்டம்பர் மாத ஓட்டக்காரரிடம் கால் இருக்கிறது, மனம் இருக்குமா என்பதுதான் சந்தேகம். விமானப் பயணமும் ஹோட்டல் அறையும் தூக்கக் கேடும் அந்த மனத்தை இன்னும் கீழே இழுக்கும்.

இந்த நிலையில் மூன்று பேர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

அல்ஜீரியாவின் நூருதீன் மொர்செலி 1991இல் 1500 மீட்டர் உலக வெற்றியாளர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் அவருக்குத்தான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இறுதி ஓட்டம் மந்தமாகப் போய்க் கடைசியில் வேகம் பிடித்தது. ஸ்பெயினின் ஃபெர்மின் காச்சோ வென்றார். மொர்செலி ஏழாவது. அடுத்த நான்கு வருஷத்துக்கு அந்தப் பதக்கத்தைத் தொட வழியில்லை. செப்டம்பர் 6ஆம் தேதி அவர் ரியேத்தியில் ஓடினார். 3 நிமிடம் 28.86 வினாடி, புதிய உலகச் சாதனை. அப்போது அவருக்கு வயது 22.

கென்யாவின் டேனியல் கோமெனுக்கு ஒலிம்பிக்கில் தோற்கும் வாய்ப்புக்கூட இல்லை. 1996இல் தன் நாட்டுத் தேர்வுப் போட்டியில் தேறாமல் போனதால் அட்லாண்டாவுக்கே போக முடியவில்லை. ஒலிம்பிக் முடிந்து, செப்டம்பர் 1ஆம் தேதி, அதே ரியேத்தியில் 3000 மீட்டரை 7 நிமிடம் 20.67 வினாடியில் ஓடினார். மொர்செலியின் பழைய சாதனை 7 நிமிடம் 25.11 வினாடி. நான்கு வினாடிக்கு மேல் வித்தியாசம். கோமெனுக்கு வயது 20, நம்மில் பலருடைய வயது. அந்தச் சாதனை 28 ஆண்டுகள் அசையவில்லை. 2024 ஆகஸ்டு 25ஆம் தேதி நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்ட்சன் போலந்தில் 7 நிமிடம் 17.55 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். அதுவும் பாரிஸ் ஒலிம்பிக் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு நடந்த ஓட்டம்தான்.

இவர்கள் இருவரும் எதையோ இழந்தவர்கள், கோபத்தில் ஓடினார்கள் என்று சொல்லலாம். சரி, வென்றவரைப் பார்ப்போம். டென்மார்க்குக்காக ஓடிய வில்சன் கிப்கேட்டர் 1997 ஆகஸ்டில் ஏதென்ஸ் உலகப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்றார். போதும் என்று உட்கார்ந்திருக்கலாம். அவரோ 13ஆம் தேதி சூரிக்கில் 1 நிமிடம் 41.24 வினாடியும், 24ஆம் தேதி கொலோனில் 1 நிமிடம் 41.11 வினாடியும் ஓடினார். ஒரே மாதத்தில் ஒரு தங்கம், இரண்டு உலகச் சாதனை.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. "சாதனையும் ஒரு பலன்தானே? பதக்கம் போனால் சாதனையைப் பிடிக்கலாம் என்று ஓடியிருக்கிறார்கள். இதில் என்ன பெரிய தர்மம்?"

ஒருவருடைய மனத்துக்குள் போய்ப் பார்க்க நம்மால் முடியாது. ஆனால் அவர்கள் செய்ததன் விளைவு தெரியும். ரியேத்தி ஓட்டத்தால் பார்சலோனாவில் எதுவும் மாறவில்லை, ஏழாவது இடம் ஏழாவது இடமாகவே இருந்தது. மொர்செலிக்கு 1996இல் தங்கம் கிடைத்தது, அது வேறு பருவம், வேறு உழைப்பு. கோமெனுக்கோ கடைசி வரை ஒலிம்பிக்கில் ஓடும் வாய்ப்பே அமையவில்லை. மனம் ஆசைப்பட்ட பலன் ஒன்றாக இருக்கலாம், கிடைத்தது வேறாக இருக்கலாம். அவர்கள் கையில் இருந்தது அன்றைய ஓட்டம் மட்டும்தான்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 47ஆம் சுலோகம் நாம் எல்லாரும் கேட்டதுதான். தேவாரப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் அதைச் சொல்லாத மேடை இல்லை. நாம் வழக்கமாகச் சொல்வது அதன் முதல் பாதியை: செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை. ஆனால் அந்தச் சுலோகம் அங்கேயே நிற்பதில்லை. செயல்படாமல் இருப்பதிலும் பற்று வைக்காதே என்றுதான் அது முடிகிறது. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறோம்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், முதல் பாதி ஆகஸ்டுக்கு உரியது, கடைசிப் பகுதி செப்டம்பருக்கு உரியது. பெரிய போட்டிக்கு முன்னால் நம்மைப் பிடித்து ஆட்டுவது பலன் மேல் உள்ள ஆசை. அது முடிந்த பிறகு வருவது வேறு வகை: 'இனிமேல் எதற்கு?' என்ற சோம்பல். அது பார்ப்பதற்குப் பற்றற்ற நிலை மாதிரியே இருக்கும். "எனக்கு எதிலும் ஆசை இல்லப்பா" என்று ஞானி மாதிரி பேசவும் வைக்கும். உண்மையில், பலன் இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்ற பழைய கணக்குதான் அது, தலைகீழாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் பணத்துக்கு ஓடுவது? இந்தக் கடைசிப் போட்டிகளில் பணம் நிறையவே உண்டு. 1998 முதல் 2009 வரை கோல்டன் லீக் என்ற தொடர் நடந்தது. எல்லாப் போட்டியிலும் வென்றவர்களுக்குப் பெரும் பரிசு. 2003இல் மொசாம்பிக்கின் மரியா முட்டோலா 800 மீட்டரில் ஒன்றுவிடாமல் வென்று, 10 லட்சம் அமெரிக்க டாலரைத் தனி ஒருவராக வாங்கினார். 2010 முதல் அந்த இடத்தில் டைமண்ட் லீக் நடக்கிறது. இவர்கள் தொழில்முறை ஓட்டக்காரர்கள், ஓட்டம்தான் இவர்களுக்குச் சோறு. கூலி வாங்குவதால் கர்மயோகம் கெட்டுவிடும் என்றால், சம்பளம் வாங்கும் நம் அப்பா அம்மா யாருமே கடமை செய்யவில்லை என்றாகிவிடும்.

கூலி வேறு, பலன் வேறு என்பதை எனக்குப் புரியவைத்தவர்கள் 'முயல்கள்'. வேகம் பிடித்துக் கொடுப்பவர்களுக்குத் திடலில் இதுதான் பெயர். சாதனை முயற்சி நடக்கும் ஓட்டத்தில், முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருவர் முன்னால் ஓடுவார். ஒவ்வொரு சுற்றையும் சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு வினாடி வேகம் கூடினாலும் பின்னால் வருகிறவர் கடைசிச் சுற்றில் தளர்ந்துபோவார், குறைந்தாலும் சாதனை போய்விடும். தன் பங்கு முடிந்ததும் அநேகமாக ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவார். அவருக்குக் கூலி உண்டு, பதக்கம் கிடையாது, பெயரும் யாருக்கும் நினைவிருக்காது. பலன் முழுக்க இன்னொருவருக்கு என்று தெரிந்தே சரியாக ஓடுகிறார்.

நான் பிறந்து வளர்ந்தது கேரி தீவில். லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனைதான். என் தாத்தா குலை வெட்டும் வேலை செய்தவர். செம்பனையிலும் காய் நிறைந்த மாதம் உண்டு, குறைந்த மாதம் உண்டு. குறைந்த மாதத்தில் வரிசை வரிசையாக நடந்தாலும் பழுத்த குலை அங்கொன்றும் இங்கொன்றும்தான் கிடைக்கும். அதற்காக அந்தச் சுற்றை விட்டுவிட முடியாது. பழுத்ததை இந்தச் சுற்றில் விட்டால் அடுத்த சுற்றுக்குள் கனிந்து உதிர்ந்துவிடும், எண்ணெயின் தரமும் கெடும். "காய் இல்லைன்னாலும் மரத்தை அண்ணாந்து பார்த்தாத்தான் அது வேலை" என்பார் தாத்தா. அவர் கீதை படித்தவர் இல்லை.

நம் நாட்டிலேயே ஓர் ஓட்டக்காரர் கதை இருக்கிறது. டாக்டர் எம். ஜெகதீசன், 'பறக்கும் மருத்துவர்' என்று பெயர் எடுத்தவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம். அவர் காலத்தில் ஓடுவது தொழில் இல்லை, மருத்துவம்தான் தொழில். 1968 அக்டோபரில் மெக்சிகோவுக்குப் போனார். அது அவருக்கு மூன்றாவது, கடைசி ஒலிம்பிக். ஆசியாவில் வெல்ல வேண்டியதை வென்றாகிவிட்டது. அங்கே 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். பதக்கம் இல்லை. ஆனால் அந்த நேரம் 49 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2017இல்தான் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் அதை முந்தினார். பதக்கம் வராத ஓர் ஓட்டம், அரை நூற்றாண்டு நம் பிள்ளைகளுக்கு முன்னால் முயலாக ஓடியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால், ஓய்வே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறியியலில் உலோகக் களைப்பு என்று ஒரு பாடம் உண்டு. ஓர் இரும்புத் துண்டு ஒரே இழுப்பில் தாங்கக்கூடிய சுமையை விடக் குறைந்த சுமையைக்கூடத் திரும்பத் திரும்ப ஏற்றினால், ஒருநாள் முறிந்துவிடும். வெளியில் பார்த்தால் விரிசல்கூடத் தெரியாது. மனிதனும் அப்படித்தான். பெரிய போட்டி முடிந்ததும் பருவத்தை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிற ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடல் முடியவில்லை என்றால் வர மறுப்பது நேர்மையான பதில்.

நான் வேறுபடுத்திப் பார்க்க நினைப்பது இதை: வராமல் இருக்கலாம், வந்து நின்ற பிறகு ஒப்புக்கு ஓடக்கூடாது. ஏனென்றால் கோட்டில் நிற்கும்போது நாம் தனியாக நிற்பதில்லை. முன்னால் ஒரு முயல் தன் கூலிக்கு நேர்மையாக ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவருக்கு இந்த ஓட்டம்தான் அடுத்த வருஷ வாய்ப்பு. எதிரே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பருவம் முடிந்திருக்கலாம், அவர்களுக்கு முடியவில்லை.

நம் வாழ்க்கையில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். இறுதியாண்டுத் திட்டத்தில் நான்கு பேர் குழு. ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, அவனுக்கு இந்தப் புள்ளி இனித் தேவையில்லை. உபகாரச் சம்பளத்துக்காக அதே புள்ளியை நம்பியிருப்பவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தைப்பூசத்துக்கு முதல்நாள் தண்ணீர்ப் பந்தல் போட முப்பது தொண்டூழியர்கள் வருவார்கள், படம் எடுப்போம், பதிவு போடுவோம். மறுநாள் காலையில் குப்பை பொறுக்கி, கயிற்றை அவிழ்த்து, வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேர் வருகிறோம்? எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும். அந்த நான்கைந்து பேர்தான் நம் அமைப்பின் செப்டம்பர் ஓட்டக்காரர்கள். அவர்களிடம் போய் ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். "வேலை இருந்துச்சு, செஞ்சோம்" என்பார்கள்.

ஊக்கம் வந்த பிறகு ஓடலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. ஆனால் பயிற்சி செய்பவர்களுக்குத் தெரியும், பல நாள் ஊக்கம் இரண்டாவது கிலோமீட்டரில்தான் வந்து சேரும். முதல் கிலோமீட்டரை அது இல்லாமலேதான் ஓட வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, இந்த மாதம் நீங்கள் ஒப்புக்கொண்ட வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பலன் ஏற்கெனவே வந்துவிட்டது அல்லது கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்த வேலைகளுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். அதில் எது உங்களால் முடியாதோ, அதை உரியவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். மீதி உள்ளவற்றுக்கு, காலையில் எழுந்து காலணி நாடாவைக் கட்டுங்கள்.