பொறியும் அறிவும்

அசைவன யாவும் அறிவுடையன ஆமோ என்பது ஆராயத்தக்கதொரு வினா. பூதங்களின் கூட்டத்தால் அசைவு தோன்றுமாறு போல அறிவும் தோன்றும் என்பர் உலகாயதர். அவர் கூற்று ஆமாறின்மைக்கு எடுத்துக்காட்டொன்று பிரான்சு தேயத்தில் உளது.

அத்தேயத்து நாந்து நகரில், லுவார் ஆற்றிடைத் தீவில் இருந்த கப்பல் கட்டுந்தொழில் 1987-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதன் பழைய கொட்டகைகள் 2007-ஆம் ஆண்டு முதல் இயங்கு சிற்பங்களுக்குரிய காட்சிச் சாலையாயின. ஆண்டு யாம் கண்ட யானை மரத்தானும் எஃகானும் ஆயது. உயரம் 12 மீட்டர். நிறை 48 டன்னின் மிக்கது. ஏறக்குறைய 50 பேரைச் சுமந்து செல்வது. செவி அசைக்கும், துதிக்கை நீட்டி நின்றார்மேல் நீர் தெளிக்கும். கால்கள் பெயர்ந்து நடப்பன போலத் தோன்றினும், பாரத்தைக் கொண்டு செல்வன கீழுள்ள சக்கரங்களே. அவற்றைச் செலுத்துவான் ஒருவன் வேறு உளன். தெளித்தேன் என்னும் உணர்வு அவ்யானைக்கு இல்லை. நனைந்தோம் என்னும் உணர்வு நனைந்தார்க்கே உண்டு.

யந்திரத்தையும் கண் முதலிய இந்திரியங்களையும் பொறி என ஒரு சொல்லாலேயே நம் முன்னோர் வழங்கினமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது. கண் கண்டது என்பது உபசார வழக்கு. அதனைக் கருவியாகக் கொண்டு கண்டது உயிரே. உறக்கத்திற் செவி திறந்திருந்தும் கேள்வி நிகழாமை இதற்குச் சான்று.

அற்றேல், இறைவன் அறிவித்தாலன்றி உயிர் அறியாது என்பது சித்தாந்தமாகலின், உயிரும் அவ்யானையை ஒக்கும். செய்த தீமை செலுத்துவானையே சாரும் எனின், அற்றன்று. இடம் செல்லினும் வலம் செல்லினும் யானைக்கு ஒன்றே. உயிர்க்கோ இச்சை உண்டு. நன்றெனத் தெரிந்தும் கைவிடும். தீதெனத் தெரிந்தும் தழுவும். கதிரொளி கண்ணுக்குப் பொருளைக் காட்டும். இழிந்ததை நோக்குக என வலிந்து ஏவாது. திருவருளும் அன்னதே. மரயானை ஒருவனை மிதிப்பினும் நாணாது. நீதிமன்றத்தாரும் அதனை வினவார். பிழைத்தபின் நாணுதல் உயிர்க்கே உரியது. அந்நாணமே அது பொறியன்று என்பதற்குக் கரி.

ஆகலின், 'அவன் ஆட்ட ஆடினேன்' என்னும் மொழி இருவர் வாயில் இருவேறு பொருள்படும். தன்முனைப்பு அற்றார் நன்மை செய்து அங்ஙனம் கூறின் அது மெய்ம்மொழி. தீமை செய்தான் தப்புதற்கு அதனைக் கூறின் அது இறைவன்மேற் பழி ஏற்றுதலாம். புகழ் வருங்கால் யான் செய்தேன் எனவும், பழி வருங்கால் அவன் செய்வித்தான் எனவும் நா புரளுமாயின், அம்மொழியைக் கூறும் தகுதி நமக்கு இன்னும் எய்தவில்லை என்று தெளிக.