எழுப்பியவனுக்கு வசவு

"செத்தா சாகட்டும், நிம்மதி." லயத்தில் போதைப்பித்தன் ஒருவன் இருந்தால் இதைச் சொல்வது பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, பெத்த தாயும்தான். தாலிக்கொடியைப் பறிகொடுத்தவள் சொல்வதைக் கொடூரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதையே நியாயமாக எடுத்துக்கொண்டு நாலக்சோன் வேண்டாம் என்று நாம் முடிவெடுக்க முடியுமா?

ஹெராயின் அளவு மீறினால் மூச்சு மந்தமாகி நிற்கிறது. மூளையில் அது பிடித்திருக்கும் இடத்திலிருந்து நாலக்சோன் அதைத் தள்ளிவிடுகிறது. சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். மருந்தின் வேகம் ஒரு மணி நேரம் போல நிற்கும், அதற்குள் மருத்துவமனை போயாக வேண்டும். இப்போது அதிகம் பேசப்படும் சியாபுவுக்கு இது வேலை செய்யாது.

"மருந்து இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் துணிஞ்சு ஏத்திக்குவான் லா" என்பார்கள். எழுந்தவனைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். போதை ஒரே அடியில் இறங்க, வாந்தி, வியர்வை, உடம்பு வலி. காப்பாற்றியவனுக்கு நன்றி அல்ல, வசவுதான் கிடைக்கும். இதை நம்பி எவனும் ஊசி போடமாட்டான்.

செம்பனைக் காட்டில் பாம்பு கடித்தவனை லாரியில் ஏற்றுமுன் பூட்ஸ் போட்டிருந்தாயா என்று யாரும் விசாரிப்பதில்லை. பாம்பை அவன் தேடிப் போகவில்லையே என்பீர்கள். சரி. கள்ளுக்கடையை மட்டும் தொழிலாளியா தேடிப் போனான்? கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதை மூடச் சொன்னதும் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று.

1983-இல் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்த அரசாங்கம், 2005-இல் மெத்தடோன் கொடுத்தது, அடுத்த ஆண்டு சுத்தமான ஊசியும் கொடுத்தது. கருணையைவிட எச்ஐவி பயம்தான் பெரிய காரணம். பயத்தில் செய்தாலும் உயிர் பிழைத்தது.

நாலக்சோனுக்கு 1961-இல் காப்புரிமை கோரியவர்களில் ஒருவர் ஜாக் ஃபிஷ்மேன். அவருடைய வளர்ப்பு மகனே 2003-இல் ஹெராயின் அளவு மீறி இறந்தான். மருந்து உலகில் இருந்தது, அவன் பக்கத்தில் இல்லை. பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கையிலேயே அதைக் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல்தான் சொன்னது.

பகாவ் பக்கத்துத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஆம்புலன்ஸ் வழி கேட்டு வரும்வரை மூளை காத்திருக்காது. கூட இருந்தவன் போன் போடாமல் ஓடியிருப்பான். 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் உட்கொள்வதே குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. அவனைக் கோழை என்கிறோம். அவன் நின்றிருந்தாலும் கையில் என்ன இருந்திருக்கும்?